குறி தெரிஞ்ச உடன விரல் தானா விடுதா? டார்கெட் பேனிக்க திருத்திற விதம்

வில்லு தூக்கிற ஆக்களுக்கு வாற ஒரு வருத்தம் இருக்கு. காய்ச்சல் இல்ல, கை நோவும் இல்ல, ஆனா அம்பு நுனி மஞ்சள் வட்டத்துக்கு கிட்ட வந்த உடன விரல் தன்ட பாட்டில நாண விட்டுரும். நான் விடேல்ல, அது விட்டுது, அப்பிடித்தான் இருக்கும். சிலருக்கு மறுவளமா, நுனி வட்டத்துக்கு ஒரு சாண் கீழ இறுகி நிண்டுரும், மேல தூக்கவே ஏலாது. இன்னும் சிலருக்கு நாண் கன்னத்துக்கு வந்து சேர முதலே அம்பு போயிரும். எல்லாம் ஒரே வருத்தம்தான், பேர் டார்கெட் பேனிக்.

எனக்கு முத்தினது போன வருஷம். இழுக்க 35 பவுண்ட் பலம் வேண்டிய ரீகர்வ் (நுனி முன்னுக்கு வளைஞ்ச வில்லு), 18 மீட்டர் தூரம், பின்னால நாலு பேர் நிண்டு பார்த்தா காணும், முழுசா இழுக்கவே முடியாது. எனக்கு வில்லு பழக்கினவர் சொன்னது, "பயப்பிடாம குறிய மட்டும் பாரும்." அதுதான் பிழையே, குறிய பாக்கப் பாக்கத்தான் இது கூடும். இது தைரியம் இல்லாததால வாறது இல்ல. வட்டம் தெரிஞ்சா விடு, வட்டம் தெரிஞ்சா விடு எண்டு ஆயிரம் தரம் பழகி ரெண்டும் ஒட்டிட்டுது, வெள்ளவத்தை சிக்னல்ல பச்சை விழ முதலே ஹோர்ன் அடிக்கிற த்ரீவீல்காரர் மாதிரி. சின்ன அம்ப கையால எறியிற டார்ட்ஸ் விளையாட்டில அஞ்சு தரம் உலக சம்பியனான எரிக் பிரிஸ்டோவுக்கே 80களின் கடைசியில கையில இருந்த டார்ட்ட விட ஏலாம போச்சு, அதால வெக்கப்பட ஒண்டுமில்ல. ஒட்டினத பிரிக்கோணும், அவ்வளவுதான் வேலை.

முதல்ல புள்ளிக் கணக்கு எழுதிற கொப்பிய மூடி வைங்க, ஒரு ஒண்டரை மாசத்துக்கு போட்டியும் வேண்டாம். வில்ல 20, 22 பவுண்டுக்கு இறக்குங்க, கழட்டிப் பூட்டிற வில்லெண்டா லிம்ப் (மேலயும் கீழயும் வளையிற ரெண்டு துண்டு) மட்டும் மாத்தினா சரி. பாரமான வில்லோட இத திருத்தப் பாக்கிறது வீண், களைச்ச தோள் சும்மாவே "விடு விடு" எண்டு கத்தும்.

பிறகு உரபாக் ஒண்டு எடுத்து பழைய துணி அடைங்க, சாரம், பெட்ஷீட், டீசேர்ட் எல்லாம், காலால மிதிச்சு இறுக்கி. பட்டனையும் சிப்பையும் வெட்டி எடுத்துப் போடுங்க, நான் எடுக்காம விட்டு ஒரு நல்ல அம்பு வெடிச்சுது. அத நெஞ்சு உயரத்தில வச்சு ரெண்டு மீட்டர்ல நில்லுங்க. பின்னுக்கு மதில் இருக்கோணும், பக்கத்தில ஆள் நடமாட்டம் இருக்கக்கூடாது, ஃப்ளாட் கொரிடோர்ல எல்லாம் தயவுசெய்து வேண்டாம். அம்பு இல்லாம வெறும் நாண இழுத்து விடவும் வேண்டாம், லிம்ப் உடையும்.

சாக்கில வட்டமும் இல்ல, புள்ளியும் இல்ல. இழுத்து, விரல் வாய் மூலைக்கு வந்ததும் கண்ண மூடுங்க. இப்ப முதுக கவனியுங்க, இழுக்கிற பக்கத்துத் தோள்பட்டை எலும்பு முதுகெலும்புக்கு கிட்ட மெல்ல நகரும், அந்த நகர்வு நிக்காம இருக்கேக்க விரல் தளர்ந்து நாண் போகோணும், நிண்ட பிறகு விட்டா அது பழைய பழக்கம். நாளைக்கு 30 அம்பு, மூண்டு கிழமை. சரியான போர் அடிக்கும். தெஹிவளையில எங்கட வீட்டுக்குப் பின்னால கரையோர ட்ரெய்ன் போற சத்தத்தத் தவிர வேற ஒரு பொழுதுபோக்கும் இல்ல எனக்கு.

அடுத்தது தான் உண்மையான மருந்து. சாக்கில ஒரு கடதாசி வட்டம் ஒட்டுங்க, இழுங்க, நுனிய வட்டத்தில வைங்க, அஞ்சு எண்ணுங்க, விடாம மெல்ல இறக்குங்க. முதல் நாள் கை நடுங்கும், எனக்கு மூண்டாவது எண்ணயே அம்பு போயிட்டுது. அப்பிடிப் போனா வட்டத்த கழட்டிட்டு திரும்ப கண்ண மூடுற வேலைக்கு போங்க, வீம்புக்கு நிக்க வேண்டாம்.

துரோணர் கேக்க, மரத்தில இருக்கிற குருவியின்ட கண் மட்டும் தெரியுது எண்டு அர்ஜுனன் சொன்ன கதைய எல்லாரும் கவனத்துக்கு உதாரணமா சொல்லுவாங்க. எனக்கு அதில பிடிச்சது வேற. வில்ல வளைச்சுக்கொண்டு நிண்டு அவன் பதில் கதைக்கிறான், குறி கண்ணுக்குள்ள நிக்குது, ஆனாலும் குரு சொல்லும் வரைக்கும் அம்பு போகேல்ல! அதையே செய்யுங்க. பின்னால ஒருத்தர நிப்பாட்டி, நீங்க இழுத்த பிறகு ஏதாவது கேள்வி கேக்கச் சொல்லுங்க, கடைசியில "விடு" இல்லாட்டி "இறக்கு" எண்டு அவர் சொல்லோணும், எது வரும் எண்டு உங்களுக்குத் தெரியக்கூடாது. எனக்கு துரோணர் என்ட தங்கச்சிதான். "அண்ணா, மத்தியானம் என்ன சாப்பிட்டனீங்க?" எண்டு கேப்பா, நான் பல்லக் கடிச்சுக்கொண்டு "சோறும் பருப்பும்" எண்டுவன், "இறக்கு" எண்டுவா. ஒரு நாள் பத்துக்கு ஒம்பது தரம் இறக்கு, கோவம்தான் வந்திச்சு, ஆனா அண்டைக்குத்தான் நுனி வட்டத்துக்குள்ள சும்மா மிதந்துகொண்டு நிண்டத முதல் தரம் பார்த்தன்.

ஆள் கிடைக்காட்டி லிம்ப்ல ஒட்டிற கிளிக்கர் வாங்கலாம், முழுசா இழுத்தா கிளிக் எண்டு சத்தம் போடுற சின்னக் கருவி அது, சத்தம் கேட்டாத்தான் விடுறது. பேர்போ (குறி பாக்கிற கருவி பூட்டாத வில்லு) போட்டியில அதுக்கு அனுமதி இல்ல, பழக மட்டும் பாவியுங்க. காசு செலவழிக்க விருப்பமில்லாட்டி அம்பு இறகு மூக்கு நுனிய தொடுற வரைக்கும் இழுங்க, தொட்டா மட்டும் விடுங்க.

தூரத்த ரெண்டு ரெண்டு மீட்டரா கூட்டுங்க, கடதாசி பெரிசா இருக்கட்டும். ஒரு தூரத்தில மூண்டு நாள் விரல் சொல்லுக் கேட்டா அடுத்ததுக்கு போங்க, கேக்காட்டி பின்னுக்கு வாங்க. நான் 18க்கு திரும்பிப் போக நாலு மாசம் எடுத்துது. போன கிழமை மழைக்குள்ள அவசரப்பட்டு நிண்டு ரெண்டு அம்பு பழையபடி பறந்துது, மூண்டாவத எடுக்கேல்ல, வீட்ட வந்து சாக்குக்கு முன்னால கண்ண மூடிக்கொண்டு நிண்டன்.