சின்ன பட்ஜெட்டில் ஒரு வாள்வீராங்கனை: முதல் சண்டைக் காட்சியை எடுப்பது எப்படி?

1980களில் அர்ஜென்டினாவில் வரிசையாகச் சில மாயாஜால வாள்சண்டைப் படங்கள் எடுத்தார்கள். சிக்கனத்துக்குப் பெயர்போன அமெரிக்கத் தயாரிப்பாளர் ரோஜர் கார்மன், அர்ஜென்டினா இயக்குநர் ஹெக்டர் ஒலிவேராவின் ஏரீஸ் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து எடுத்தவை அவை. ‘டெத்ஸ்டாக்கர்’ 1983இல் வந்தது. ‘பார்பேரியன் குயின்’ 1985இல். ஒலிவேராவே இயக்கிய இந்த இரண்டாவது படத்தில் லானா கிளார்க்சன்தான் நாயகி. தன் ஊரை எரித்தவர்களைத் தேடி வாளோடு கிளம்பும் பெண்.

காசில்லாத படம் என்பது முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிடும். ஆனாலும் கிளார்க்சனின் முகமும் அவர் கையிலிருக்கும் வாளும் ஒரே ஃப்ரேமில் இருக்கும்போது நாம் நம்பிவிடுகிறோம். இந்தப் பதிவில் நான் சொல்லப்போவது எல்லாம் அந்த ஒன்றைச் சுற்றித்தான்: முகமும் வாளும் ஒரே ஃப்ரேமில். அதற்குப் பயிற்சி நாட்கள் வேண்டும், பணம் இரண்டாம் பட்சம்.

அந்தப் படங்களிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாததும் உண்டு. நாயகியின் உடலைக் காட்சிப்பொருளாக்குவதும், அவள் துன்புறுத்தப்படுவதைக் கேளிக்கையாக நீட்டுவதும் அவற்றில் நிறைய இருக்கின்றன. அதை நான் மன்னிப்பதில்லை, நீங்களும் பின்பற்ற வேண்டாம்.

சரி, வேலைக்கு வருவோம். இலக்கு: இரண்டு பேர், ஒரு இடம், ஒன்றரை நிமிடச் சண்டை. கேமரா உங்கள் மொபைலே போதும்.

படி 1: நாயகியைத் தேர்ந்தெடுங்கள்

வாள் பிடிக்கத் தெரிந்தவரைத் தேடாதீர்கள், கால் நிற்கத் தெரிந்தவரைத் தேடுங்கள். 1966இல் ஹாங்காங்கில் ‘கம் ட்ரிங்க் வித் மீ’ எடுத்த கிங் ஹூ, நாயகி வேடத்தைச் செங் பெய்-பெய்க்குக் கொடுத்தார். அவர் பாலே பயின்றவர், அப்போது வயது இருபதை ஒட்டித்தான். சண்டையை அமைத்த ஹான் யிங்-சியே, பீக்கிங் ஓபரா என்ற சீன இசைநாடக மரபில் வளர்ந்தவர். அந்தப் படத்தின் சத்திரக் காட்சியைப் பாருங்கள். பெரும்பாலும் செங் பெய்-பெய் சும்மா உட்கார்ந்திருக்கிறார். அசையும்போது ஓர் அங்குலம்கூட வீணாவதில்லை.

நம் பக்கத்தில் பரதம் ஆடுகிறவர்களிடமும் சிலம்பம் சுற்றுகிறவர்களிடமும் இந்தக் கால் இருக்கிறது. அரைமண்டியில், அதாவது முட்டியை மடக்கிப் பாதி உட்கார்ந்த நிலையில், ஐந்து நிமிடம் நிற்க முடிந்தவருக்கு வாள் நிலை தானாக வரும். ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் மாற்ற வேண்டியிருக்கும். ஆடுகிறவர்களின் பார்வை சபையை நோக்கிப் போகும். சண்டையில் அது எதிராளியின் மார்பிலும் கண்ணிலும் இருக்க வேண்டும். எங்கள் குறும்பட நாயகிக்கு இதை மாற்றவே நான்கு நாள் ஆனது. மாறிய பிறகு அவர் சும்மா நின்றாலே பயமாக இருந்தது.

படி 2: மூன்று விதமான வாள் செய்யுங்கள்

முதலாவது, பயிற்சிக்கு: 75 சென்டிமீட்டர் பிரம்பு. அவ்வளவுதான்.

இரண்டாவது, கேமராவுக்கு: அலுமினியப் பட்டை. ஒன்றரை அங்குல அகலம், 5 மில்லிமீட்டர் கனம், 75 சென்டிமீட்டர் நீளம். பட்டையின் எடை 400 கிராமுக்குள் அடங்கும். ஓரங்களையும் முனையையும் அரத்தால் நன்றாக உருட்டித் தேயுங்கள். கைப்பிடிக்குப் பருத்திக் கயிறு சுற்றுங்கள், வியர்வையில் வழுக்காது. இரண்டு வாளும் அலுமினியமாகவே இருக்கட்டும். ஒன்று இரும்பாக இருந்தால் மற்றதை வெட்டிப் பிசிறு கிளப்பும். அலுமினியத்தோடு அலுமினியம் மோதினாலும் பிசிறு வரும், ஆகவே ஒவ்வொரு டேக்குக்குப் பிறகும் ஓரத்தைத் துணியால் வழித்துப் பார்த்து அரம் போடுங்கள். நாங்கள் ஒருநாள் அவசரத்தில் இதை விட்டுவிட்டோம். எதிராளியாக நடித்த தம்பியின் விரல் முட்டியில் கிழித்துவிட்டது. படப்பிடிப்பு அங்கேயே நின்றது.

மூன்றாவது, விழுகிற காட்சிகளுக்கு: மெல்லிய பிளாஸ்டிக் பைப்பின் மேல் யோகா பாயை வாள் வடிவில் வெட்டி ஒட்டி வெள்ளிப் பெயின்ட் அடியுங்கள். தரையில் புரளும்போது கையில் இது மட்டும்தான் இருக்க வேண்டும்.

இன்னொன்று. நிஜ வாள் பெரும்பாலும் ஒரு கிலோவை ஒட்டியிருக்கும், உங்கள் பட்டை பாதிகூட இல்லை. மணிக்கட்டால் மட்டும் வீசினால் திருவிழாவில் வாங்கிய அட்டைக்கத்தி போலத் தெரியும். ஒவ்வொரு வீச்சும் பின்னங்காலில் தொடங்கி, இடுப்பு திரும்பி, கடைசியாகக் கைக்கு வர வேண்டும். எடையை நடிகைதான் நடித்துக் காட்ட வேண்டும்.

படி 3: சண்டையை எழுதுங்கள்

எட்டு அசைவுக்கு மேல் வேண்டாம். அந்த எட்டுக்குள் ஒரு கதை இருக்கட்டும். முதல் மூன்றில் அவள் பின்வாங்குகிறாள், நான்காவதில் வாள் கை மாறுகிறது, ஆறாவதில் எதிராளிக்கு முதன்முறையாகச் சந்தேகம் வருகிறது.

எழுதும்போது எண்களைப் பயன்படுத்துங்கள். இடது இடுப்பு 1, வலது இடுப்பு 2, இடது தோள் 3, வலது தோள் 4, உச்சந்தலை 5. எதிராளியின் உடலை வைத்து எண்ணினால் குழப்பம் வராது. “மூன்று, ஒன்று, ஐந்து” என்றால் இருவருக்கும் உடனே புரியும்.

வீச்சு எப்போதும் உடலுக்கு ஒரு சாண் வெளியே போக வேண்டும். முகத்தை நோக்கிக் குத்தவே கூடாது. ஒவ்வொரு அடிக்கும் வரிசை இதுதான்: அடிப்பவர் ஓங்குகிறார், வாங்குபவர் அதைக் கண்டு அசையத் தொடங்குகிறார், அதன் பிறகே வாள் வருகிறது. அதாவது, அடிக்கு அனுமதி கொடுப்பவர் அடி வாங்குபவர்தான். படத்தில் இது வேகமான மோதலாகத் தெரியும், தரையில் இருவரும் பத்திரமாக இருப்பார்கள்.

படி 4: பத்து நாள் பயிற்சி

முதல் மூன்று நாள் காலடி மட்டும், கையில் ஒன்றும் இல்லாமல். அடுத்த நான்கு நாள் பிரம்போடு, தண்ணீருக்குள் நடப்பது போன்ற மெதுவான வேகத்தில். கடைசி மூன்று நாள் அலுமினியத்தோடு, முக்கால் வேகம் வரை. முழு வேகம் படப்பிடிப்பிலும் தேவையில்லை. முடிந்தால் ஒரு சிலம்ப ஆசானை இரண்டு நாளாவது அழைத்து வாருங்கள். நீங்கள் பார்க்காத தவறுகளை அவர் பார்ப்பார்.

எட்டாம் நாளிலிருந்து படத்தில் போடப்போகும் உடையோடே பயிற்சி நடக்கட்டும். உடை எளிது: இறுக்கிக் கட்டிய பருத்தி, தோளை மறைக்கும் ரெக்சின் கவசம், முட்டியில் துணிக்குள் மறைந்த பேட். கை உயராத உடையில் யாரும் போருக்குப் போக மாட்டார்கள். உங்கள் நாயகியும் போக வேண்டாம்.

படி 5: இடமும் வெளிச்சமும்

பனங்காடு, காய்ந்த ஆற்றுமணல், ஏரிக்கரை எதுவும் சரி. கைவிட்ட கல்குவாரி அழகாக இருந்தாலும் ஆபத்து, விட்டுவிடுங்கள். தொல்லியல் துறையின் கோட்டை, கோயில் என்றால் அனுமதி வாங்க வேண்டும். திறந்த வெளி எதுவானாலும், இடத்துக்கு உரியவரிடமும் பக்கத்துக் காவல் நிலையத்திலும் முன்கூட்டியே சொல்லுங்கள். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது வாள்தான்.

சூரியன் தாழ்ந்திருக்கும் காலை முதல் ஒரு மணி நேரத்தில், வெளிச்சம் நடிகையின் பின்னாலிருந்து வரும்படி நிறுத்துங்கள். ஓரமாக ஒருவர் சாம்பிராணிப் புகை போடட்டும். மாய உலகத்துக்கு இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. புகையில் வாளின் விளிம்பு தனியாகப் பளிச்சிடும்.

படி 6: எடுங்கள்

முதலில் முழுச் சண்டையையும் ஒரே ஷாட்டில் எடுங்கள். கேமரா எதிராளியின் தோளுக்குப் பின்னால், நாயகியின் முகத்தைப் பார்த்தபடி. உடலுக்கும் வாளுக்கும் நடுவிலுள்ள அந்த ஒரு சாண் இடைவெளி இந்தக் கோணத்தில் தெரியாது. பக்கவாட்டில் வைத்தால் காட்டிக்கொடுத்துவிடும். மூன்று டேக் போதும். அப்புறம் நாயகியின் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு முறை. இருவருக்கும் நடுவே ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொண்டு, கேமரா அந்தக் கோட்டின் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். தாண்டினால் யார் எந்தப் பக்கம் என்று பார்ப்பவர் குழம்புவார். கடைசியில் கண், கால், கைப்பிடி என்று சின்னச் சின்ன க்ளோஸ்-அப்கள்.

மொபைலில் நொடிக்கு 25 ஃப்ரேம் வையுங்கள். ஷட்டர், அதாவது ஒவ்வொரு ஃப்ரேமும் வெளிச்சம் வாங்கும் நேரம், நொடியில் 50இல் ஒரு பங்கு இருந்தால் வீச்சு மென்மையாகக் கலங்கும், 100இல் ஒரு பங்கு என்றால் கூர்மையாக வெட்டும். சண்டைக்கு எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். ட்யூப்லைட் வெளிச்சத்திலும் இந்த இரண்டு அளவிலும் மினுக்கம் வராது.

அவள் பாய்ந்து தாவ வேண்டுமா? ‘எ டச் ஆஃப் ஜென்’ படத்தின் மூங்கில் காட்டுச் சண்டைக்குக் கிங் ஹூ ட்ராம்போலின் வைத்துக்கொண்டு, மிகச் சிறிய துண்டுகளாக வெட்டி ஒட்டினார். நமக்கு ஒரு முக்காலி போதும். தரையை உந்தும் கால் ஒரு ஷாட். தாழ்வான கோணத்தில், வானத்தைப் பின்னணியாக வைத்து, முக்காலியிலிருந்து இறங்கும் உடல் இன்னொன்று. மண் தெறிக்க ஊன்றும் கால் மூன்றாவது. ஒவ்வொன்றும் அரை நொடிக்குள்.

ஷாட்டில் இல்லாத எல்லோரும், குறிப்பாகக் கேமரா பிடிப்பவர், கண்ணைக் காக்கும் பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருக்க வேண்டும்.

படி 7: வெட்டுங்கள், ஒலி சேருங்கள்

வேகத்தை 108 சதவீதம் வரை ஏற்றலாம். அதற்கு மேல் போனால் பொம்மை ஆட்டமாகிவிடும். வாள் மோதும் ஒலிக்கு, சமையலறையிலிருந்து இரண்டு கனமான தோசைத்திருப்பிகளைக் கொண்டுவந்து மோதவிட்டுப் பதிவு செய்யுங்கள். மூச்சொலியை நாயகியே தனியாகப் பேசித் தரட்டும். கார்மன் தன் ‘பேட்டில் பியாண்ட் தி ஸ்டார்ஸ்’ (1980) படத்துக்கு ஜேம்ஸ் ஹார்னர் போட்ட இசையை 1982இல் வந்த ‘சார்சரஸ்’ படத்திலும் திரும்பப் பயன்படுத்தினார். வாளேந்திய இரட்டைச் சகோதரிகளின் கதை அது. உங்கள் நண்பர் போட்ட ஒரு பறை அடியை நீங்களும் மூன்று இடத்தில் பயன்படுத்தலாம், தப்பில்லை.

வெட்டி முடித்ததும் ஒலியை முழுக்க அணைத்துவிட்டு, சண்டையில் சம்பந்தப்படாத ஒருவரிடம் ஓட்டிக் காட்டுங்கள். திரையைப் பார்க்காதீர்கள், அவர் கண்ணைப் பாருங்கள். அவர் பார்வை எந்த நொடியில் விலகுகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே நாயகியின் முகம் ஃப்ரேமில் இருக்கிறதா என்று பாருங்கள். எங்களுக்கு அப்படி இரண்டு இடம் அகப்பட்டது. இரண்டிலும் வாள் மட்டும்தான் தெரிந்தது. அடுத்த ஞாயிறு காலை மறுபடி சாம்பிராணி வாங்கிக்கொண்டு போய், அந்த இரண்டு ஷாட்டை மட்டும் எடுத்து வந்தோம்.