ஒளித்து வைத்த வேலைப் புதிர்: எப்படிக் கையாள்வது?

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்துத் தம்பி தங்கச்சிமாரே, ஏதோ கம்பனி ரகசியப் புதிர் வைத்து ஆள் எடுக்கிறதாம் என்று கதை வந்தால், ஊகித்துக்கொண்டிருக்காமல் பழைய புதிரொன்றைச் செய்து பாருங்கள். 2004 இல் கூகுள் தன் பெயரே போடாமல் கலிபோர்னியாவில் வைத்த விளம்பரப் பலகை கேட்டது இதுதான்: இயற்கை மடக்கையின் அடியான 2.71828… இல் தொடர்ந்து வரும் இலக்கங்களில் முதலாவது பத்து இலக்க முதன்மை எண் எது? 150 தசமதானம் எடுத்து, ஒவ்வோர் இலக்கமாக நகர்ந்து பத்துப் பத்தாக வெட்டி, 0 இல் தொடங்குவதைத் தள்ளிவிட்டு, மிச்சத்தை ஒரு இலட்சம் வரையான முதன்மை எண்களால் வகுத்துப் பார்க்கிற பைதன் நிரலை நீங்களே எழுதுங்கள். எதாலும் வகுபடாமல் முதலில் நிற்பது 7427466391 ஆக இருக்க வேண்டும். அப்புறம், காசோ அடையாள அட்டை இலக்கமோ கேட்கிற புதிர் என்றால் உடனே விலகுங்கள்.