ஓவர்ஹெட் கிரேன் வேலைக்குத் தயாராவது எப்படி? குமரி மாவட்டப் புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் ‘கிரேன் கோர்ஸ்’ விசாரித்து வரும் பிள்ளைகளிடம் எந்தக் கிரேன் என்று திருப்பிக் கேட்டால், பெரும்பாலும் பதில் வருவதில்லை. கூரையடித் தண்டவாளத்தில் ஓடும் ஓவர்ஹெட் கிரேன், சாலையில் ஓடும் கிரேனான ஹைட்ரா, எந்தக் கம்பெனி தயாரித்தாலும் நம் ஊரில் ‘ஹிட்டாச்சி’ என்றே அழைக்கப்படும், மண் அள்ளும் செயின் வண்டி ஆகிய மூன்றுக்கும் தேவைப்படும் தகுதிகள் வேறு வேறு. பணம் கட்டுவதற்கு முன்னால் அதைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்தல்

நான்குவழிச் சாலைப் பணியிலும், கடலோர ஊர்களில் தூண்டில் வளைவுக்குக் கல் அடுக்கும் இடங்களிலும் நாம் பார்ப்பவை ஹிட்டாச்சியும் ஹைட்ராவும்தான். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகளை நட்டு எழுப்புவதற்குப் பெரிய கிரேன்கள் வருகின்றன; காற்றுக்காகவே தேர்ந்தெடுத்த இடத்தில், காற்று அடங்கும் நேரத்துக்காக அவை காத்துக் கிடக்க வேண்டியிருப்பது அந்தத் தொழிலின் வேடிக்கை. ஓவர்ஹெட் கிரேன் வேலை உருக்காலைகளிலும் மின்நிலையங்களிலும் இரும்புக் கட்டுமானங்களைச் செய்யும் ஃபேப்ரிகேஷன் யார்டுகளிலும் இருப்பதால், அதற்குப் பெரும்பாலும் மாவட்டத்துக்கு வெளியே செல்ல வேண்டும். களியக்காவிளைக்கு அப்பால், 2024 ஜூலையில் முதல் பெரிய சரக்குக் கப்பல் வந்துசேர்ந்த விழிஞ்ஞம் துறைமுகத்தில், கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்தபடியே கிரேன்களை இயக்குகிறார்கள். அவர்களில் பெண்களும் உண்டு.

இரண்டாம் படி: சான்றுகளைச் சேர்த்தல்

ஓவர்ஹெட் கிரேன் சாலையைத் தொடுவதில்லை என்பதால் அதற்கு ஓட்டுநர் உரிமம் தேவையில்லை. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியுடன், கோணத்தில் உள்ள அரசுத் தொழிற்பயிற்சி நிலையம் போன்ற ஓரிடத்தில் ஃபிட்டர் அல்லது எலக்ட்ரீஷியன் பிரிவை இரண்டு ஆண்டுகள் படித்து முடிப்பதே உறுதியான அடித்தளம். இரண்டில் ஒன்றைச் சொல்லச் சொன்னால் எலக்ட்ரீஷியன் என்பேன். மோட்டார், அதற்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் கான்டாக்டர், எல்லை வந்ததும் தானாக நிறுத்தும் லிமிட் சுவிட்ச் ஆகியவற்றை அறிந்தவருக்குக் கிரேனின் போக்கு விரைவில் பிடிபடும்.

ஹைட்ரா, ஜேசிபி போன்றவற்றைச் சாலையில் ஓட்ட, அந்த வகை வண்டிக்குரிய உரிமத்தை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெற வேண்டும். 18 வயதில் இலகுரக வாகன உரிமம் எடுத்துவிடுங்கள். போக்குவரத்து வாகன உரிமத்துக்கு 20 வயது நிறைந்திருப்பதோடு, இலகுரக உரிமம் எடுத்து ஓராண்டு ஆகியிருக்கவும் வேண்டும்.

நானும் தொடக்கத்தில் பதினைந்து நாள் பயிற்சி ஒன்றுக்குப் பணம் கட்டினேன். அவர்கள் தந்த வண்ணச் சான்றிதழை நேர்முகத்தில் எவரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. சுமையைக் கட்டி ஹூக்கில் மாட்டும் ஸ்லிங் ஒன்றைக் கையில் கொடுத்து, மாட்டிக் காட்டச் சொன்னார்கள்.

மூன்றாம் படி: உடல் தகுதி

தூரத்தையும் ஆழத்தையும் சரியாக மதிப்பிடும் பார்வை, நிறம் பிரித்தறியும் திறன், செவித்திறன், உயரத்தில் தலைசுற்றாமை ஆகியவற்றைச் சோதிப்பார்கள். கண்ணாடி அணிவது தடையில்லை. நிறக்குருடு இருந்தால் வேறு பிரிவைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

நான்காம் படி: எடையும் ஸ்லிங்கும்

பித்தானை அழுத்த ஒரு வாரத்தில் பழகிவிடலாம். எடையைக் கணக்கிடுவதும் சுமையைச் சரியாகக் கட்டுவதும்தான் உண்மையான தொழில். ஆகவே வாய்ப்புக் கிடைத்தால் சுமை கட்டும் தொழிலாளியான ரிக்கருக்கு உதவியாளாக ஆறு மாதமாவது நில்லுங்கள்.

ஒரு சதுர மீட்டர் பரப்பும் ஒரு மில்லிமீட்டர் கனமும் உள்ள இரும்புத் தகடு 7.85 கிலோ எடையிருக்கும். அப்படியானால் 6 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 20 மில்லிமீட்டர் கனம் கொண்ட தகடு சுமார் 1,413 கிலோ. ஒரு டன் திறனுள்ள இரண்டு ஸ்லிங்குகளை ஹூக்கில் மாட்டினால் மொத்தம் இரண்டு டன், அது போதுமே என்று புதியவர் நினைப்பார். ஸ்லிங்குகள் கிடைமட்டத்திலிருந்து 60 பாகையில் நின்றால் ஒவ்வொன்றின் மீதும் ஏறக்குறைய 816 கிலோ இழுவை விழும், அதில் ஆபத்தில்லை. ஆனால் ஸ்லிங் நீளம் போதாமல் அதே கோணம் 30 பாகையாகப் படுத்துவிட்டால், ஒவ்வொன்றும் முழு 1,413 கிலோவைத் தாங்க வேண்டியிருக்கும். தகடும் கிரேனும் ஸ்லிங்கும் மாறவில்லை. கோணம் மட்டும்தான் மாறியது.

சைகைகளையும் இந்தக் காலத்திலேயே மனப்பாடம் செய்துவிடுங்கள். சுட்டுவிரலை மேல்நோக்கி நீட்டிக் கையைச் சிறு வட்டமாகச் சுழற்றினால் தூக்க வேண்டும். கீழ்நோக்கி நீட்டிச் சுழற்றினால் இறக்க வேண்டும். சுமை தூக்கி ஏற்றும் பழைய தொழிலாளிகளான கலாசிகள் வாயால் ‘ஹபீஸ்’ என்றால் தூக்கு, ‘ஆரியா’ என்றால் இறக்கு. சைகை தருபவர் ஒருவராகவே இருக்க வேண்டும். ‘நிறுத்து’ என்ற சைகையை மட்டும் யார் காட்டினாலும் உடனே நிறுத்தியாக வேண்டும்.

ஐந்தாம் படி: கிரேனை இயக்கிப் பழகுதல்

ஓவர்ஹெட் கிரேனுக்கு மூன்று அசைவுகள்: குறுக்கே கிடக்கும் விட்டமான பாலம் முழுதும் தண்டவாளத்தில் ஓடுவது லாங் டிராவல், பாலத்தின் மேல் ஹூக்கைத் தாங்கும் டிராலி ஓடுவது கிராஸ் டிராவல், ஹூக் ஏறி இறங்குவது ஹாய்ஸ்ட். ஷிப்ட் தொடங்கியதும் வெறும் ஹூக்கை மெதுவாக உயர்த்தி, மேல் லிமிட் சுவிட்ச் தானாக நிறுத்துகிறதா என்று பாருங்கள். சுமையை முதலில் ஒரு சாண் உயரம் மட்டும் தூக்கி நிறுத்தி, பிரேக் பிடிக்கிறதா, சுமை ஒரு பக்கமாகச் சாய்கிறதா என்று கவனித்த பிறகே மேலே ஏற்ற வேண்டும். ஹூக்கைச் சாய்வாக இழுத்து எதையும் தூக்கக் கூடாது.

சுமை ஆடத் தொடங்கினால் பயந்து எதிர்த்திசையில் திருப்புவது புதியவர்களின் வழக்கம். அதனால் ஆட்டம் கூடும். சுமை முன்னே போகும் வேளையில் டிராலியையும் அதே திசையில் சிறிது நகர்த்தி, அதற்கு நேர் மேலே கொண்டுபோய் நிறுத்தினால் ஆட்டம் அடங்கிவிடும். தண்ணீர் நிறைந்த வாளியைத் தொங்கவிட்டுப் பழகினால் தவறு உடனே தெரியும்.

2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வைத்திருந்த மூன்று விதிகளை இன்றும் பழக்கமாகக் கொள்ளுங்கள்: தூக்கும் இயந்திரங்களில் பாதுகாப்பான சுமை அளவு எழுதப்பட்டிருக்க வேண்டும். ஓராண்டுக்கு ஒருமுறையாவது தகுதியுள்ளவர் அவற்றை முழுமையாகச் சோதித்திருக்க வேண்டும். தண்டவாளத்தின் மேல் யாராவது வேலை செய்துகொண்டிருந்தால், கிரேன் அவரை 6 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது.

ஆறாம் படி: வளைகுடா வேலையும் டிரேட் டெஸ்ட்டும்

பத்தாம் வகுப்புச் சான்று இருந்தால், குடியேற்ற அனுமதி தேவைப்படாத வகைப் பாஸ்போர்ட் கிடைக்கும். பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே. அதற்கு மேல் கேட்டால் ரசீது கேளுங்கள், பேச்சு மாறுவதைக் காண்பீர்கள்.

வேலைக்கு எடுக்கும் முன் நடக்கும் செய்முறைத் தேர்வான டிரேட் டெஸ்ட்டில் பேரல்களுக்கு இடையே சுமையை முட்டாமல் கொண்டுசென்று, தரையில் கோடிட்ட கட்டத்துக்குள் இறக்கச் சொல்வார்கள். ஆனால் தேர்வாளர் அதற்கு முன்பே மதிப்பெண் போடத் தொடங்கியிருப்பார்: கிரேனிலிருந்து தொங்கும் பித்தான் பெட்டியான பெண்டன்ட்டைக் கையில் எடுத்தவர் முதலில் ஹூக்கின் வாயை மூடும் லாட்சையும் வயர் ரோப்பையும் அண்ணாந்து பார்த்தாரா, நேராகப் பித்தானை அழுத்தினாரா என்று.