ஒரு பொருளாதாரக் கொள்கைக்குப் பின்னுள்ள குழுக்களின் போட்டியைக் கணிப்பது எப்படி?

ஒரு மானியமோ இறக்குமதித் தடையோ ஏன் நீடிக்கிறது என்று ஆராய்வோர் பெரும்பாலும் அமைச்சர்களின் பேச்சிலிருந்து தொடங்குகிறார்கள். சிக்காகோ பல்கலைக்கழகப் பொருளியலாளர் கேரி பெக்கர் 1983இல் வெளியிட்ட கட்டுரையோ அழுத்தக் குழுக்களிடமிருந்து, அதாவது தம் நலனுக்காக அரசை நெருக்கும் குழுக்களிடமிருந்து, தொடங்குகிறது. ஒரு குழு பெறும் மானியம் இன்னொரு குழு சுமக்கும் வரியிலிருந்தே வரவேண்டும் என்பதால், ஒன்றின் செல்வாக்கு கூடினால் மற்றதன் செல்வாக்கு குறைந்தே தீரும் என்பது அவருடைய அடிப்படை. அமெரிக்கச் சர்க்கரைக் கொள்கையை வைத்து இம்முறையைப் பழகலாம்.

முதலில் பணம் கைமாறும் வழியைக் கண்டறியுங்கள். வரவுசெலவுத் திட்டத்தில் மட்டும் தேடினால் இது அகப்படாது. ஏனெனில் சர்க்கரைக்கான ஆதரவு பெரும்பாலும் கருவூலத்திலிருந்து செல்லாமல், இறக்குமதிக்கு வரம்பு விதித்து உள்நாட்டு விலையை உலக விலைக்கு மேல் நிறுத்துவதன் மூலம், வாங்குவோரிடமிருந்தே செல்கிறது.

அடுத்து, ஆதாயத்தையும் சுமையையும் ஆள்கணக்கில் வகுத்துப் பாருங்கள். அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2000இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இக்கொள்கையால் 1998இல் சர்க்கரை வாங்குவோர் ஏற்ற சுமை சுமார் 190 கோடி டாலர். உள்நாட்டு உற்பத்தியாளர்களின் ஆதாயம் சுமார் 100 கோடி. அன்றைய மக்கள்தொகையான ஏறத்தாழ 27 கோடிக்கு வகுத்தால், சுமை ஆளுக்கு 7 டாலர்தான். அதற்காக எவரும் வாஷிங்டனுக்குப் புறப்பட மாட்டார். புளோரிடாவின் கரும்புப் பண்ணைகளுக்கும், மினசோட்டாவில் சர்க்கரைக்கான பீட்ரூட் பயிரிடுவோருக்கும் இது பிழைப்பே ஆகும். அவர்கள் சிலராக இருப்பதால், அரசை நெருக்கும் செலவில் பங்கேற்காமல் பலனை மட்டும் பெற நினைப்பவரைக் கண்டுகொள்வதும் எளிது.

எஞ்சிய 90 கோடியில் நில்லுங்கள். பலர் தாண்டிச் செல்லும் இந்த இடமே என் கருத்தில் கோட்பாட்டின் உயிர்நிலை. அதில் ஒரு பகுதி, வரம்புக்குள் விற்கும் அயல்நாட்டு ஏற்றுமதியாளர்களைச் சேர்ந்தது. மீதி எவர் கைக்கும் வராத வீண் இழப்பு. இவ்விழப்பு பெருகப் பெருக, சுமப்போரின் எதிர்ப்பு வலுத்து, பெறுவோரின் முயற்சி தளரும் என்பதும், ஆகவே ஒரே ஆதாயத்தைக் குறைந்த இழப்பில் வழங்கும் முறையே போட்டியில் முந்தும் என்பதும் பெக்கரின் முடிவு. ஆனால் இம்முடிவு, சுமப்போர் ஒன்றுகூட முடிகிற அளவுக்கே செல்லும் என்பதை மறந்துவிடக் கூடாது.

பிறகு, பெயர் சொல்லாத கூட்டாளிகளைத் தேடுங்கள். சர்க்கரை விலை உயர்ந்திருக்கும்வரை, அதற்கு மாற்றாக இனிப்பூட்டும் மக்காச்சோளப் பாகுக்குச் சந்தை உண்டு. 1984இல் கோகோ கோலா அமெரிக்காவில் அப்பாகுக்கு மாறியதை நினைத்தால், பாகு ஆலைகளின் நலன் எந்தப் பக்கம் என்பது விளங்கும். எதிரணியில் சுமை செறிந்திருப்பது, சர்க்கரையை மொத்தமாக வாங்கும் மிட்டாய் நிறுவனங்களிடம்.

கடைசியாக, கணிப்பை வாக்கெடுப்போடு ஒப்பிடுங்கள். 2018இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபையில், இக்கொள்கையைத் தளர்த்த வேளாண் சட்ட மசோதாவுக்கு வந்த திருத்தத்துக்கு ஆதரவாக 137 வாக்குகளும் எதிராக 278 வாக்குகளும் விழுந்தன. எதிர்த்தவர்களில் கரும்போ பீட்ரூட்டோ விளையாத தொகுதிகளின் உறுப்பினர்களைத் தனியே குறித்துக்கொண்டு, அதே மசோதாவில் அத்தொகுதிகளின் பயிர்களுக்கு என்ன கிடைத்தது என்று தேடுங்கள்.