மேடையில் போரைக் காட்டுவது எப்படி?

முதலில், கூட்டத்தை நம்பாதீர்கள். ஐம்பது பேர் வாளோடு ஓடினாலும் பார்ப்பவருக்கு அது வெறும் சலசலப்புதான். கி.மு. 472-இல் ஏதென்ஸில் அரங்கேறிய கிரேக்க நாடகாசிரியர் ஈஸ்கிலஸின் 'பாரசீகர்கள்' நாடகத்தில், பாரசீகம் கிரேக்கரிடம் தோற்ற சலாமிஸ் கடற்போர் மேடைக்கே வராது, தோற்ற நாட்டுக்கு ஓடிவரும் தூதன் சொல்லச் சொல்ல அவன் பேச்சிலேயே கப்பல்கள் மூழ்கும். போரின் சத்தம் திரைக்குப் பின்னால் இருக்கட்டும்.

சண்டை வேண்டுமென்றால் இரண்டு பேர் போதும். ஒவ்வொரு வீச்சையும் பாதி வேகத்தில் ஒத்திகை பாருங்கள், கண்ணோடு கண் பார்த்த பிறகே வாளை ஓங்கப் பழக்குங்கள், முனை மழுங்கிய ஆயுதம் மட்டும்தான். விழுந்தவனை உடனே அப்புறப்படுத்தாதீர்கள். அடுத்த காட்சியில் மற்றவர்கள் அவனைத் தாண்டித்தான் நடக்க வேண்டும், இல்லையென்றால் போர் வெறும் கண்காட்சியாகிவிடும், அது எனக்குப் பொறுக்காது. அப்புறம் புகை: கொஞ்சம் போதும், நடிகர்களுக்கு மேடை விளிம்பு தெரிய வேண்டும்.