காலையில் குடிக்க எலுமிச்சை உப்பு வெந்நீர்: முதல்முறை செய்கிறவர்களுக்கான விளக்கம்

குமரி மாவட்டத்தில் விடிவதற்கு முன்பே வேலைக்கு இறங்குகிறவர்கள் நிறையப் பேர். குலசேகரம், அருமனைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டுகிறவர்கள், குளச்சலிலும் முட்டத்திலும் வலையோடு நிற்கிறவர்கள், தோவாளைப் பூச்சந்தைக்கு மூட்டை கட்டுகிறவர்கள் என்று எல்லோருக்கும் ஒரு பழக்கம் பொது. எழுந்ததும் ஒரு கட்டன்சாயாவோ கருப்பட்டிக் காப்பியோ குடித்துவிட்டுக் கிளம்புகிறார்கள். தண்ணீர் என்பது வியர்த்துக் களைத்த பிறகுதான் நினைவுக்கு வருகிறது. நம் கரையோரக் காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை உலராமல் வழிந்துகொண்டே இருக்கும். காலையில் ஒரு பெரிய தம்ளர் தண்ணீர் உள்ளே போனால் உடம்புக்கு நிச்சயமாக நல்லது. வெறும் தண்ணீர் இறங்காதவர்களையும் குடிக்க வைக்கும் சுவை, வெதுவெதுப்பான நீரில் சேரும் எலுமிச்சைக்கும் ஒரு சிட்டிகை உப்புக்கும் உண்டு. இந்தப் பானத்தை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம் இதுதான்.

இது இரத்தத்தைச் சுத்தம் செய்யும், கொழுப்பைக் கரைக்கும் என்றெல்லாம் பரவும் பேச்சை நம்ப வேண்டாம். கழிவை வெளியேற்றும் வேலையைச் சிறுநீரகமும் கல்லீரலும் செய்கின்றன. சர்க்கரை போட்ட சாயாவுக்குப் பதிலாக இதைக் குடித்தால் அந்தச் சர்க்கரை மிச்சம். எடை விஷயத்தில் இதனால் கிடைக்கும் பலன் அவ்வளவுதான்.

யார் குடிக்கக் கூடாது

செய்முறைக்கு முன்பே இதைச் சொல்லிவிடுகிறேன். இரத்த அழுத்தம், இதய பலவீனம், சிறுநீரக நோய் உள்ளவர்கள் உப்பு சேர்க்காமல் வெறும் எலுமிச்சை நீர் குடிக்கலாம். சிறுநீரக நோயாளிகளும் இதய நோயாளிகளும் அதையும் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, அவர் சொன்ன நீர் அளவுக்குள் குடிப்பது நல்லது. 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்கப்படும் பாக்கெட்டுகளில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் சில வகை இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் அது ஆபத்தாக முடியலாம். நெஞ்செரிச்சல், வயிற்றுப் புண் இருப்பவர்கள் வெறும் வயிற்றில் புளிப்பைத் தவிர்க்க வேண்டும்.

எந்த உப்பு?

கேள்விகள் அதிகம் வருவது இந்த இடத்தில்தான். 'தாதுக்கள் நிறைந்தது' என்ற விளம்பரத்தோடு இளஞ்சிவப்பு இந்துப்பு கடைகளில் பல மடங்கு விலைக்குக் கிடைக்கிறது. பாகிஸ்தானின் பஞ்சாபில் உள்ள கேவ்ரா சுரங்கம் இதற்குப் பெயர்போனது. அதை வாங்கத்தான் வேண்டுமா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்துப்பிலும் ஏறத்தாழ 97 சதவீதம் நம் சமையலறை உப்பேதான், அதாவது சோடியம் குளோரைடு. ஒரு தம்ளருக்கு நாம் போடப்போவது ஒரு சிட்டிகை, சுமார் 0.3 கிராம். அதில் மற்ற எல்லாமும் சேர்ந்து 9 மில்லிகிராம் தேறும். பொட்டாசியம், மக்னீசியம், கால்சியம், இரும்பு, ஈரம், களிமண் எல்லாம் அந்த ஒன்பதுக்குள் அடங்க வேண்டும். 100 கிராம் வாழைப்பழத்தில் பொட்டாசியம் மட்டுமே 350 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. தாதுச்சத்துதான் வேண்டும் என்றால், 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மாவட்டத்து மட்டி வாழைப்பழத்தை இரண்டு உரித்துச் சாப்பிடலாம். இந்துப்பின் நிறமும் மென்மையான சுவையும் பிடித்திருந்தால் தாராளமாக வாங்குங்கள். மருந்தாக எண்ணி வாங்க வேண்டியதில்லை.

புத்தளம், சாமித்தோப்புப் பக்கம் போகிறவர்கள் உப்பளங்களைப் பார்த்திருப்பீர்கள். கடல்நீர் பாத்திகளில் வெயிலில் வற்றும்போது எல்லாம் ஒரே நேரத்தில் படிவதில்லை. முதலில் கால்சியம் கலந்த ஜிப்சம் அடியில் இறங்கும். அடுத்து உப்பு பூக்கும். மக்னீசியம் உப்புகள் எளிதில் படியாமல் கடைசி நீரில் தங்கிவிடும். அந்த நீர் கடுங்கசப்பாக இருக்கும். அதைப் பாத்தியிலிருந்து வெளியேற்றி, வாரிய உப்பைக் குவித்து வைத்து வடியவிடுவார்கள். கசக்காத, சீக்கிரம் நீர்விடாத உப்பு இப்படித்தான் கிடைக்கிறது. கசப்புத் தாதுக்களை நீக்குவதிலேயே உப்பளத் தொழிலாளியின் கைத்திறன் இருக்கிறது. வெயிலில் கால் வெடிக்க நின்று அவர்கள் எடுக்கும் உப்பு எந்த இறக்குமதி உப்புக்கும் குறைந்ததல்ல.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். அளத்திலிருந்து நேராக வாங்கும் கல்லுப்பில் அயோடின் சேர்த்திருக்க மாட்டார்கள். பல இந்துப்புப் பாக்கெட்டுகளிலும் அது இருக்காது. அயோடின் சேர்க்காத உப்பை நேரடியாக உண்பதற்கென்று விற்க 2006 முதல் நாடு முழுவதும் தடை இருக்கிறது. கழுத்துக்கழலையும் குழந்தைகளின் மூளை வளர்ச்சிக் குறையும் வராமல் காப்பதற்காக வந்த விதி அது. ஆகவே என் பரிந்துரை, அயோடின் சேர்த்த சாதாரண உப்பு. கல்லுப்போ பொடியுப்போ எதுவானாலும் சரி. கறுப்பு உப்பு வேண்டாம். அதன் கந்தக வாசனை காலை நேரத்துக்கு ஒத்துவராது.

எலுமிச்சை

பழம் கையில் கனக்க வேண்டும். தோல் மெல்லியதாக, வழவழப்பாக, பச்சை மாறி மஞ்சள் ஏறியிருக்க வேண்டும். தோல் தடித்துச் சொரசொரப்பாக இருந்தால் சாறு குறைவு. வடசேரிச் சந்தையில் குவித்து வைத்திருப்பதில் பெரிய பழமாகப் பொறுக்காமல் ஒவ்வொன்றாக எடை பார்த்து எடுங்கள்.

ஒரு தம்ளருக்கு அரைப் பழம் போதும். அதில் ஏறக்குறைய 15 மில்லி சாறு கிடைக்கும். வைட்டமின் சி என்று பார்த்தால் அதில் சில மில்லிகிராம்தான் தேறும். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. இந்தத் தம்ளரில் எலுமிச்சையின் வேலை மணமும் புளிப்பும்தான். அதன் வைட்டமினை நன்றாகப் பயன்படுத்த விரும்பினால், மத்தியானம் முருங்கைக்கீரையிலோ சிறுபயற்றிலோ எலுமிச்சை பிழிந்து சாப்பிடுங்கள். கீரையிலும் பயற்றிலும் உள்ள இரும்பை உடல் ஏற்க அது உதவும். உணவோடு சேர்ந்து போனால்தான் இந்தப் பயன் உண்டு.

பாத்திரம்

கண்ணாடி, பீங்கான், எவர்சில்வர் இவற்றில் ஏதாவது ஒன்று. செம்பும் பித்தளையும் வேண்டவே வேண்டாம். இரவில் செம்புக் குடத்தில் தண்ணீர் வைத்துக் காலையில் குடிக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அந்தத் தண்ணீரைத் தனியாகக் குடித்துக்கொள்ளுங்கள். அதே பாத்திரத்தில் எலுமிச்சை பிழியாதீர்கள். அமிலம் செம்பைக் கரைத்து நீரில் இறக்கும். குமட்டலும் வாந்தியும் வரும். ஈயம் பூசாத பித்தளைக்கும் அலுமினியத்துக்கும் இதே எச்சரிக்கை.

செய்முறை

தேவையானவை: குடிநீர் 250 மில்லி, எலுமிச்சை அரைப் பழம், உப்பு ஒரு சிட்டிகை, ஒரு கத்தி, ஒரு சிறிய வடிகட்டி.

1. முந்தின இரவே தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து மூடி ஆறவிடுங்கள். சீரக வெள்ளம், அதாவது சீரகத் தண்ணீர், காய்ச்சி வைக்கும் வீடுகளில் அதையே எடுத்துக்கொள்ளலாம். காலையில் வெந்நீரோடு குழாய்த் தண்ணீரைக் கலந்து சூடு தணிக்கிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் கொதிக்கவைத்ததன் பயனே போய்விடும். கலக்கும் இரண்டு நீரும் காய்ச்சியதாக இருக்க வேண்டும்.

2. காலையில் கால் தம்ளர் அளவு நீரை, அதாவது சுமார் 60 மில்லியை மட்டும் கொதிக்கவையுங்கள். அதைத் தம்ளரில் ஊற்றி உப்பைப் போட்டுக் கலக்குங்கள். உப்பு முதலில் கரைய வேண்டும். கல்லுப்பாக இருந்தால் கரண்டியின் பின்பக்கத்தால் நசுக்கிப் போடலாம். அடியில் மண் தங்கினால் தெளிந்த நீரை மட்டும் வடித்துக்கொள்ளுங்கள்.

சிட்டிகை என்பது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து எடுக்கும் அளவு. மூன்று விரலால் அள்ளினால் கூடிப்போகும். ஒரு நாளைக்கு எல்லா உணவிலும் சேர்த்து 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. தலைதட்டிய ஒரு தேக்கரண்டியிலேயே அந்த 5 கிராம் முடிந்துவிடும். ஊறுகாய், கருவாடு, மீன் குழம்பு என்று நம் சாப்பாட்டில் உப்பு ஏற்கெனவே தாராளம். சிலர் சொல்வதைக் கேட்டுக் கால் தேக்கரண்டி போட்டால், பல் விளக்கி முடிப்பதற்குள்ளேயே அன்றைய அளவில் கால் பங்கைக் கடந்திருப்பீர்கள். தம்ளரில் உப்பு கரித்தால் அது கூடுதல். புளிப்பின் முனை சற்று மழுங்கியிருப்பதாக மட்டும் தோன்றினால், அதுதான் சரியான அளவு.

3. இப்போது ஆறிய நீரை முக்கால் தம்ளருக்குக் குறையாமல் சேர்த்துத் தம்ளரை நிரப்புங்கள். ஒரு பங்கு கொதிநீருக்கு மூன்று பங்கு ஆறிய நீர் என்பது கணக்கு. நம் ஊர் அறைவெப்பத்தில் இது 45 டிகிரி செல்சியஸ் அளவில் வந்து நிற்கும். தம்ளரைக் கையில் இறுகப் பிடிக்க முடியும், வாயும் சுடாது. வெப்பமானி தேவையில்லை.

4. எலுமிச்சையை மேடையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி உருட்டுங்கள், சாறு இளகும். குளிர்பெட்டியில் இருந்த பழம் என்றால் சிறிது நேரம் வெந்நீரில் போட்டு எடுங்கள். குறுக்காக வெட்டி, கொட்டை விழாதபடி வடிகட்டியின் மேல் பிழியுங்கள். கடைசிச் சொட்டுவரை முறுக்கிப் பிழிய வேண்டாம். தோலின் எண்ணெயும் நசுங்கிய கொட்டையும் கசப்பைக் கொண்டுவரும். சாறு கடைசியாகத்தான் சேர வேண்டும். கொதிக்கும் நீரில் பிழிந்தால் மணம் ஆவியோடு போய்விடும்.

5. ஒரு முறை கலக்கி உடனே குடியுங்கள். பிழிந்து நெடுநேரம் வைத்தால் கசக்கத் தொடங்கும். பாட்டிலில் ஊற்றி எடுத்துப்போய் மத்தியானம்வரை உறிஞ்சிக்கொண்டிருப்பது இன்னொரு காரணத்தாலும் கூடாது. எலுமிச்சைச் சாறு கடுமையான அமிலம். அது அடிக்கடி பல்லில் பட்டுக்கொண்டிருந்தால் பல்லின் மேல்பூச்சான எனாமல் தேயும். சில நிமிடங்களில் குடித்து முடித்து, வெறும் தண்ணீரில் வாய் கொப்பளியுங்கள். பல் விளக்குவதைக் குடிப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள். இல்லையென்றால் குடித்து அரை மணி நேரம் கழித்து விளக்குங்கள்.

மாத்திரையும் இரத்தப் பரிசோதனையும்

தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம்வரை இடைவெளி விட்ட பிறகே இதைக் குடிக்க வேண்டும். வெறும் வயிற்றில் இரத்தப் பரிசோதனைக்குப் போகும் நாளில் எலுமிச்சையும் வேண்டாம், உப்பும் வேண்டாம், தண்ணீர் மட்டும்.

வயிற்றுப்போக்கின்போது இதை உப்புக்கரைசல் என்று எண்ணிக் கொடுப்பது தவறு. குடல் உப்பையும் நீரையும் சேர்த்து உறிஞ்சச் சர்க்கரையின் துணை தேவை. கடையில் ஓஆர்எஸ் பொட்டலம் கிடைக்காத நேரத்தில், ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்க வேண்டும்.

மாற்றிச் செய்ய

அடைமழைக் காலத்தில் 2ஆம் படியின் கொதிநீரில் தட்டிய சுக்கு ஒரு துண்டு போட்டு, இரண்டு நிமிடம் வைத்து வடிகட்டிக்கொள்ளலாம். தொண்டைக்கு இதமாக இருக்கும். புளிப்பு தாங்காத பெரியவர்களுக்குக் கால் பழம் பிழிந்து கொடுங்கள். கருப்பட்டி சேர்க்க விரும்புகிறவர்கள் அதுவும் சர்க்கரைதான் என்பதை நினைவில் வைத்து ஒரு சிறு துண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்; நீரிழிவுக்காரர்களுக்கு அது வேண்டாம்.

மீதி அரைப் பழத்தை வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி ஒரு கிண்ணத்தில் கவிழ்த்துக் குளிர்பெட்டியில் வையுங்கள். மறுநாள் காலைக்கு அது போதும். அதற்கு மேல் வைத்தால் உலர்ந்துவிடும்.