டெஸ்ட் ஃபெயில் ஆனால் மட்டும் மெமரி லீக்

சென்சார் பாக்கெட்டுகளைப் பிரித்துப் படிக்கும் ஒரு சி லைப்ரரிக்கு யூனிட்டியில் (சி-க்கான டெஸ்ட் ஃபிரேம்வொர்க், கேம் எஞ்சின் இல்லை) டெஸ்ட் எழுதியிருந்தேன். எல்லாம் பாஸ் ஆனால் ஒரு பைட் கூட லீக் ஆகாது, அதாவது வாங்கிய மெமரி திருப்பித் தராமல் தங்காது. ஒன்று ஃபெயில் ஆனால் போதும், கடைசியில் 256 பைட் லீக் என்று ரிப்போர்ட் வந்து நிற்கும். பாக்கெட்டைப் பிரிக்கும் பார்சரில்தான் ஓட்டை என்று இரண்டு நாள் அதையே குடைந்துகொண்டிருந்தேன். ஓட்டை என் டெஸ்டில் இருந்தது. மெமரியைத் திருப்பித் தரும் ஃப்ரீயைப் போட மறக்கவில்லை, போட்ட வரிக்குப் புரோகிராம் வந்து சேரவே இல்லை.

யூனிட்டியில் ஒரு அசெர்ட் (எதிர்பார்த்த விடை வந்ததா என்று பார்க்கும் வரி) தோற்றால் லாங்ஜம்ப் போட்டு டெஸ்ட் ஃபங்ஷனை விட்டு நேராக வெளியே குதித்துவிடும். அதற்குக் கீழே இருக்கும் எந்த வரியும் ஓடாது. சி பிளஸ் பிளஸில் எக்ஸெப்ஷன் மூலம் வெளியேறினால், சுத்தம் செய்வதை டெஸ்ட்ரக்டரிடம் விட்டுவிடலாம். சி-யில் அந்த வசதி ஏது?

முதலில் லீக் எங்கே என்று உறுதிசெய்யுங்கள். கம்பைலர் ஜிசிசியோ கிளாங்கோ, மெமரித் தவறுகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரையும் டீபக் தகவலையும் சேர்த்து கம்பைல் செய்து ஓட்டுங்கள். லினக்ஸில் லீக்கைக் கண்டுபிடிக்கும் லீக் சானிடைசரும் கூடவே வந்துவிடும். ரிப்போர்ட்டில் டைரக்ட் லீக் (எந்தப் பாயிண்டரும் பிடித்திராத மெமரி), இன்டைரக்ட் லீக் (லீக் ஆன மெமரி மட்டுமே பிடித்திருக்கும் மெமரி) என்று இரண்டு வகை இருக்கும். டைரக்டை முதலில் பாருங்கள்; அதைச் சரிசெய்தால் இன்டைரக்ட் பெரும்பாலும் தானே போய்விடும். மெமரி வாங்கித் தரும் மாலாக்கைக் கூப்பிட்ட வரி டெஸ்ட் ஃபைலிலேயே இருந்தால் சந்தேகம் டெஸ்ட் மேல்தான்.

சரி, இப்போது மாற்றம். டெஸ்டுக்குள் இருக்கும், பஃபரைச் சுட்டும் பாயிண்டரை ஃபைல் அளவில் ஸ்டாட்டிக்காக வெளியே எடுங்கள். ஒவ்வொரு டெஸ்டுக்கும் முன் ஓடும் செட்டப்பின் முதல் வரியில் அதை நல் (எதையும் சுட்டாத மதிப்பு) ஆக்குங்கள். ஃப்ரீயை, ஒவ்வொரு டெஸ்டுக்கும் பின் ஓடும் டியர்டவுனுக்கு மாற்றுங்கள். அசெர்ட் தோற்றாலும் யூனிட்டி டியர்டவுனைக் கூப்பிடும். நல் பாயிண்டரை ஃப்ரீ செய்வது சி-யில் தப்பில்லை என்பதால் இஃப் எதுவும் வேண்டாம். பஃபரை பார்சரிடமே ஒப்படைத்து அதுவே ஃப்ரீ செய்கிறது என்றால், ஒப்படைத்த அடுத்த வரியிலேயே உங்கள் பாயிண்டரை நல் ஆக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் லீக் போய், ஒரே மெமரியை இரண்டு முறை ஃப்ரீ செய்யும் டபுள் ஃப்ரீ வரும். எனக்கு வந்தது.

அப்புறம் சோதித்துப் பார்க்கும்போது ஒரு விஷயத்தில் ஏமாற வேண்டாம். ஸ்டாட்டிக் பாயிண்டர் பிடித்துக்கொண்டிருக்கும் மெமரியை லீக் சானிடைசர் லீக்காகக் கணக்கில் எடுக்காது. ஒரே ஒரு டெஸ்டை மட்டும் ஓட்டினால், டியர்டவுனில் ஃப்ரீயை மறந்திருந்தாலும் ரிப்போர்ட் சுத்தமாகத்தான் வரும். அதனால் அடுத்தடுத்து இரண்டு டெஸ்டில் வேண்டுமென்றே அசெர்ட்டைத் தப்பாக்கி ஓட்டுங்கள். இரண்டாவது செட்டப் பாயிண்டரை நல் ஆக்கும்போது முதல் டெஸ்டின் பஃபரைப் பிடித்துக்கொள்ள யாரும் இருக்க மாட்டார்கள். ஃப்ரீ ஆகாமல் இருந்தால் அப்போது மாட்டிக்கொள்ளும்.

இதையெல்லாம் ஜிடிபி டீபக்கருக்குள் ஓட்டிப் பார்க்காதீர்கள். அங்கே லீக் சானிடைசர் வேலை செய்யாது.